கார் வரும் முன் எர்த் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை பக்கம் எலெக்ட்ரிக் கார் புக் செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? ஷோரூமுக்குத் தினமும் போன் போடுவதை விட, எலெக்ட்ரீஷியனை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. மழை குறைந்த நம் கிழக்குப் பாலக்காட்டில் கோடை வந்தால் மண்ணோடு எர்த் குழியும் காய்ந்துவிடும். குழியில் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் லைன். 3.3 கிலோவாட் சார்ஜர் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனி கம்பி, தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். கிணற்று மோட்டார் லைனோடு சேர்க்கவே கூடாது. 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் வரை போகும். அதற்கு முதலில் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) செக்‌ஷன் ஆபீஸில் லோடு பற்றிக் கேட்டுவிடுங்கள்.