தூங்கும் நாயைக் கவனிப்பது எப்படி? புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு

நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று காலை உதைக்கும். உதடு துடிக்கும், வாயைத் திறக்காமலே சின்னதாக ஒரு குரைப்பு வரும். முதல்முறை பார்ப்பவர்கள் வலிப்போ என்று பதறிப்போய்த் தட்டி எழுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் அது கனவுத் தூக்கம்தான். ஆனால் எப்போதுமே அப்படி இல்லை. நம் நாய் வழக்கமாக எப்படித் தூங்கும் என்று தெரிந்தால்தான் மாற்றம் வரும்போது பிடிக்க முடியும். அதற்கு ஒரு நோட்டும் செல்போனும் போதும்.

படி 1: தள்ளி உட்காருங்கள்

சாப்பிட்டு, நடை முடிந்து, நாய் தானாகப் படுக்கும் நேரம் நல்லது. நாலைந்து அடி தள்ளி, நெஞ்சும் முகமும் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தொடக்கூடாது.

படி 2: மூச்சை எண்ணுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். உடம்பு அசையாமல் ஆழ்ந்து தூங்கும்போது, விலா ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ஆரோக்கியமான நாய்க்குத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள்தான் இருக்கும். வெயில் காலத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது எண்ணாதீர்கள், கணக்குத் தப்பும். கால் உதறும் நேரத்திலும் வேண்டாம்.

இதயக் கோளாறு உள்ள நாய்க்கு நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கினால், பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான் முதலில் ஏறும். அமைதியான தூக்கத்திலும் திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 3: கனவுத் தூக்கத்தை அடையாளம் காணுங்கள்

தூங்கி ஏறத்தாழ 20 நிமிடம் ஆனதும் மூச்சு ஒழுங்கு தப்பும். இமைக்குள் கண் உருளும். அப்புறம் மீசை, காது நுனி, கால் விரல் என்று ஒவ்வொன்றாகத் துடிக்கும். உடம்பு மட்டும் தளர்ந்தே கிடக்கும். மனிதர்களிடம் இந்தக் கண் உருளும் தூக்கத்தை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் விவரித்தார்கள்.

அந்த நேரத்தில் மூளை விழித்திருப்பதுபோல வேலை செய்யும். அது ஓடு என்று சொன்னாலும், மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதி அந்தக் கட்டளை தசைக்குப் போகாமல் தடுக்கும். தடையைத் தாண்டிக் கசிவதுதான் நாம் பார்க்கும் உதறல். குட்டிகளுக்கு இந்தத் தடை இன்னும் முதிராததால் துள்ளல் அதிகம். பிரான்ஸில் மிஷெல் ஜூவே என்ற ஆய்வாளர் பூனைகளுக்கு அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, அவை தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைத் துரத்தின. எலிகள் பகலில் ஓடிய பாதையை அவற்றின் மூளை கனவுத் தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2001-இல் பதிவு செய்தார்கள். நாயும் சாயங்காலம் துரத்திய அணிலை மறுபடி துரத்துகிறது என்று நினைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

படி 4: சந்தேகம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

தொடாமல், தள்ளி நின்று. கனவு என்றால் விழித்து உங்களைப் பார்க்கும், உடனே தெளிந்துவிடும். தூக்கத்தில் தொட்டால் பாசமான நாயும் திடுக்கிட்டுக் கடிக்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

வலிப்பு வேறு மாதிரி. கால்கள் விறைத்து இழுக்கும், எச்சில் வழியும், சிறுநீர் போகலாம், கூப்பிட்டால் திரும்பாது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் சுவரில் முட்டிக்கொண்டு, ஆள் தெரியாமல் நடக்கும். வலிப்பு வரும்போது வாயில் கை விடுவது, தண்ணீர் ஊற்றுவது, இரும்பைத் தொடவைப்பது எதுவும் வேண்டாம். பக்கத்தில் உள்ள பொருள்களை நகர்த்திவிட்டு நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. தெருவில் எடுத்த, தடுப்பூசி போடாத குட்டியிடம் கட்டாயம் பாருங்கள். ஒரே தசை, உதாரணமாக ஒரு காலோ தாடையோ, தாளம் தப்பாமல் வெட்டி வெட்டி இழுக்கும். விழித்தாலும் நிற்காது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நரம்பைத் தாக்கினால் இப்படி வரும். இதில் காத்திருக்காதீர்கள்.

படி 5: வீடியோ எடுங்கள்

மருத்துவமனை மேசையில் நாய் எதையும் செய்து காட்டாது. முழு உடம்பும் முகமும் தெரிய, பெயர் சொல்லிக் கூப்பிடும் உங்கள் குரலும் பதிவாகும்படி எடுங்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எண்ணிய மூச்சு ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது தடுப்பூசி அட்டையையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.