சுற்றுகிற உர டிரம்: மாடித்தோட்டத்துக்கு நாமே செய்துகொள்ளலாம்

உரம் போட டிரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது 200 லிட்டர் நீல டிரம் முன்னால்தான். அது வேண்டாம் என்பேன். முக்கால்வாசி நிரம்பினாலே உள்ளே இருக்கும் ஈரக் குப்பை எண்பது கிலோவை எட்டிவிடும். அதைச் சுற்ற வீட்டில் பலமான ஆள் ஒருவர் வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கண்ணில் படுவார். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் இருப்பதை என் மாமியாரே ஒரு கையால் தள்ளிவிடுகிறார். நாலு பேர் குடும்பத்துக்கு 100, 120 லிட்டர் போதும். காசு இருந்தால் அதே அளவில் இரண்டு வாங்குங்கள். காரணம் பின்னால் வருகிறது.

பழைய டிரம் கடையில் முதல் வேலை, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது. ஊறுகாய், பழச்சாறு, சமையல் எண்ணெய் இருந்த டிரம் என்றால் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி. ஆசிட், பூச்சிமருந்து, பெயின்ட் இருந்ததை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். மேலே முழு வாயும் திறந்து, இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற மாதிரி டிரம்மாகப் பார்த்து எடுங்கள். சின்ன வாய் டிரம்மில் உள்ளே கையை விட்டு நட்டு முடுக்க முடியாது.

டிரம் படுத்த வாக்கில் சுற்ற வேண்டும். அடியிலும் மூடியிலும் சரியாக நடுவில் ஓட்டை போட்டு ஒரு இன்ச் ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நுழைக்கிறோம். நடுவைக் கண்டுபிடிக்க ஒரு பழைய செய்தித்தாள் போதும். டிரம்மை அதன்மேல் நிறுத்தி வட்டம் வரைந்து வெட்டி நாலாக மடியுங்கள். மடிப்பு கூடும் இடம்தான் மையம். ஆனால் வெறும் ஓட்டையில் பைப்பை விட்டால் பிளாஸ்டிக் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிடும், டிரம் தடதடவென்று ஆடும். அதற்குத்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற டேங்க் நிப்பிள். ஒன்றரை இன்ச் நிப்பிளுக்குள் ஒரு இன்ச் பைப் நுழைந்து சுற்றும். பைப்பின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 34 மில்லிமீட்டர், நிப்பிள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வாஷரோடு இரண்டு பக்கமும் இறுக்கி, பைப்பில் லேசாக கிரீஸ் தடவிவிட்டால் வேலை முடிந்தது. பைப் அசையாது, டிரம்தான் சுற்றும். பைப்பின் நீளம் டிரம் நீளத்தோடு ஒரு அடி கூடுதலாக இருக்கட்டும்.

கதவுதான் பொறுமையைச் சோதிக்கும். பக்கவாட்டில் ஒரு அடிக்குப் பத்து இன்ச் செவ்வகம் வரையுங்கள். உடனே அறுக்கத் தொடங்காதீர்கள். கீல் வரும் பக்கத்தை மட்டும் முதலில் அறுத்து, இரண்டு கீலையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, பிறகு மற்ற மூன்று பக்கத்தையும் அறுங்கள். முழுவதும் வெட்டி எடுத்த பிறகு கீல் வைக்கப் போனால் கதவு ஒரு ஓரம் முட்டும், மறு ஓரம் இளிக்கும். ஸ்க்ரூ இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது. துருப்பிடிக்காத போல்ட், பெரிய வாஷர். தாழ்ப்பாள் இரண்டு வையுங்கள், ஒன்று தானே திறந்துகொண்டால் மாடி முழுக்க முட்டைகோஸ் தழைதான்.

உள்ளே மூன்று இடத்தில், நீளவாக்கில், இரண்டு இன்ச் அலுமினிய ஆங்கிள் (எல் வடிவப் பட்டை) பொருத்த வேண்டும். இது இல்லாவிட்டால் டிரம் சுற்றும், குப்பை சுற்றாது. ஒரே கட்டியாக வழுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். காற்றுக்கு அரை அடிக்கு ஒன்றாக 8 மில்லிமீட்டர் துளைகள், உள்பக்கம் கொசுவலைக் கம்பி.

ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வது உத்தமம். தரையில் வைப்பதானால் சவுக்குக் கம்புகளை எக்ஸ் வடிவில் போல்ட் போட்டு இரண்டு பக்கமும் நிறுத்தினாலே தாங்கும். பைப்பை யூ-கிளாம்ப்பால் அதில் இறுக்குங்கள். டிரம்மின் கீழே, வடியும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பாண்டு (அகலமான சட்டி) வைக்கவும், எடுக்கவும் இடம் விட்டு உயரம் சொல்லுங்கள். மாடியில் நடுத்தளத்தில் வைக்காமல், சுவரோ பீமோ தாங்கும் ஓரத்தில் வையுங்கள்.

அப்புறம் நிரப்புவது. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த இலை. மாசி, பங்குனியில் புங்கையும் வேம்பும் கொட்டும்போது சாக்குச் சாக்காகச் சேர்த்துவிடுங்கள். நாட்டு வாதாம் இலை தடிமன், நொறுக்கித்தான் போட வேண்டும். இலை கிடைக்காத மாதத்தில் தென்னைநார்க்கழிவு. தொடக்கத்தில் இரண்டு கை பழைய உரமோ, கரைத்த சாணமோ, புளித்த மோரோ ஏதாவது ஒன்று. மீன், கறி, எண்ணெய்க் குழம்பு, மாங்கொட்டை, தேங்காய் ஓடு எதுவும் கூடாது.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒழுகினால் இலை போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நாற்றம் வந்தாலும் மருந்து அதே காய்ந்த இலைதான். வெள்ளையாகவும் பழுப்பாகவும் நெளிகிற தடித்த புழுக்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள் அவை, நமக்காகத்தான் தின்கின்றன.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஐந்தாறு சுற்று போதும். சும்மா சும்மா சுற்றினால் உள்ளே ஏறின சூடு இறங்கிவிடும். முக்கால்வாசி நிரம்பியதும் போடுவதை நிறுத்திவிட வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தினமும் புதுத்தோல் விழுந்துகொண்டே இருந்தால் எந்த நாளும் உரம் முழுசாக ஆகாது. இரண்டாவது டிரம் இதற்குத்தான்: ஒன்று ஆறப்போட்டிருக்கும்போது மற்றதில் போடலாம்.

நம்மூர் வெயிலில் ஆறேழு வாரத்தில் கறுத்து மண்வாசம் வரும். உடனே செடிக்குப் போடாமல் சாக்கில் கட்டி நிழலில் இரண்டு மூன்று வாரம் வைத்து, சலித்து எடுங்கள். சலிப்பில் நின்ற கட்டிகளை அடுத்த நிரப்பலுக்கு உறையாகப் போட்டுவிடலாம். பாண்டில் வடியும் தண்ணீரில் பத்து மடங்கு நல்ல தண்ணீர் கலந்து பூச்செடிகளின் வேருக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம். இவ்வளவு சின்ன டிரம்மில் விதை சாகிற அளவுக்குச் சூடு நிலைக்காது. அதனால் தக்காளியும் பூசணியும் தொட்டிக்குத் தொட்டி தானாக முளைக்கும். பூசணியைப் பிடுங்கிவிடுங்கள், தக்காளியில் திடமானதாக ஒன்றிரண்டைப் பிரித்து நடலாம்.