ரேடார் படத்தில் இருட்டாகத் தெரியும் வயலெல்லாம் காய்ந்த வயல் அல்ல

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே நிலக்கடலைக் காடும் தென்னந்தோப்பும். சித்தூர் பக்கம் போனால் ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல். செண்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் வலிமையை வெளிச்சமாகக் காட்டும் ரேடார் படத்தை வைத்து இந்த வட்டாரத்தின் மண் ஈரத்தைக் கணக்கிடத் தொடங்கும் மாணவர்கள் பலரும் "வெளிச்சம் என்றால் ஈரம், இருட்டு என்றால் வறட்சி" என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்தான் படத்தில் மிக இருட்டாக இருக்கும். தேங்கிய நீர் கண்ணாடி மாதிரி. சாய்வாக வரும் அலையை ரேடாருக்குத் திருப்பாமல் அந்தப் பக்கமே தள்ளிவிடும். பயிர் வளர வளர அதே வயல் வெளிச்சமாகிறது: நீரில் பட்ட அலை தண்டில் மோதித் திரும்புகிறது, இலைகளும் சிதறடிக்கின்றன.

எனக்கு மிகவும் கவலை தருவது மண்ணின் சொரசொரப்பை அலட்சியப்படுத்துவதுதான். ஈரத்தின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. அலையை எவ்வளவு திருப்பும் என்பதைத் தீர்மானிக்கும் மின்காப்பு மாறிலி காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை, தண்ணீருக்கோ 80 அளவில். ஆனால் புழுதி உழவு போட்ட காடு, ஒரு சொட்டு மழை இல்லாமலே பளிச்சிடும். அந்தச் சொரசொரப்பும் அலைநீளத்தைப் பொறுத்தது. அலை செங்குத்திலிருந்து சாய்ந்து விழும் கோணம், அதாவது படுகோணம், 40 பாகை என்றால், தரை வழவழப்பா கரடா என்று பிரிக்கும் ரேலி அளவுகோலின்படி, செண்டினலின் 5.5 செ.மீ. அலைக்கு மேடுபள்ளத்தின் திட்டவிலக்கம் 0.9 செ.மீ.யைத் தாண்டினாலே தரை சொரசொரப்பு. நிசார் என்ற செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலைக்கு அந்த எல்லை 3.9 செ.மீ. ஆகவே 2 செ.மீ. அளவு கட்டி கிடக்கும் காடு ஒன்றுக்குக் கரடு, மற்றதற்கு வழவழப்பு. உழவுச் சாலின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அலை சாலுக்குக் குறுக்கே வந்தால் திரும்பும் வலிமை கூடும். மேடுபள்ளம் அளக்கும் ஒரு மீட்டர் சட்டத்தை ஒரே இடத்தில் வைத்து அளப்பது போதவே போதாது.

திரும்பும் அலையில் பயிரின் பங்கைக் கணக்கிட, அட்டெமா, உலாபி என்ற ஆய்வாளர்கள் 1978-இல் தந்த நீர்மேக மாதிரியைத்தான் பலர் எடுக்கிறார்கள். எளிமையான, நல்ல மாதிரி. ஆனால் அது இலைத்திரளை நீர்த்துளி மேகமாக மட்டுமே பார்க்கிறது. தண்டும் தரையும் சேர்ந்து திருப்பும் அலை அதில் கிடையாது. வேறு ஊர்க் கோதுமைக்குப் பொருத்திய எண்களைத் தென்னந்தோப்புக்குப் போட்டால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. விடியற்காலைப் படமானால் இலைமேல் பனி இருந்ததா என்றும் பாருங்கள். அந்த ஈரமும் கணக்கில் ஏறிவிடும்.

திரும்பும் அலையின் வலிமையை மடக்கை அளவில் சொல்லும் டெசிபலில் சராசரி எடுக்காதீர்கள். -6, -16 இரண்டுக்கும் நடு -11 அல்ல. திறன் அளவுக்கு மாற்றிச் சராசரி கண்டால் -8.6 வரும். நெல்லியாம்பதி மலைச் சரிவுகளில் ஒவ்வொரு இடத்தின் படுகோணத்தையும் தனியே கணக்கிட வேண்டும். ரேடாரைப் பார்த்த சரிவு காய்ந்திருந்தாலும் வெளிச்சமாகவே தெரியும்.

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் 24 செ.மீ. அலையையும் சுமக்கிறது. செண்டினலுக்குப் பொருத்திய எண்களை அப்படியே அதற்கு மாற்றிப் போடாமல், அது கடக்கும் நாளில் காட்டில் இறங்கி மண்ணை அளந்து, கடைசி உழவு எப்போது என்று காட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.