பழைய வண்டில டிக் டிக்னு சத்தமா? இன்ஜின இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி இத பாருங்க

என்கிட்ட இருக்கறது 1999 மாருதி ஜென் கார். போன மார்கழில ஒரு நாள் காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக் டிக்னு தையல் மிஷின் ஓடற மாதிரி சத்தம், பெங்களூரு அல்சூர்ல வீட்டுப் பக்கத்து மெக்கானிக் பானெட்ட தெறந்து அரை நிமிஷம் கேட்டாரு, "எஞ்சின் இளிஸ்பேக்கு சார்"னு கன்னடத்துல சொல்லிட்டாரு, அதாவது இன்ஜின இறக்கணுமாம், 35,000 ஆகும்னு வேற. பொங்கலுக்கு சேலம் போகணும், கைல அவ்ளோ காசு இல்ல, அதனால ரெண்டு நாள் நானே உக்காந்து கேட்டேன். கடைசில பாத்தா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக், அதாவது புகைக் குழாய் இன்ஜினோட சேர்ற எடத்துல வெக்கற அடைப்புத் தகடு. ஜே.சி. ரோட்டுல கேஸ்கெட் வாங்கி லேபரோட சேத்து 1,000 ரூபா கூட ஆகல.

அதனாலதான் சொல்றேன், என்ன சத்தம்ங்கறத விட எப்ப வருதுங்கறத பாருங்க.

மொதல்ல ஆயில். சமமான எடத்துல நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விட்டு, ஆயில் அளக்கற கம்பிய தொடச்சு திருப்பி விட்டு எடுங்க. கீழ் கோட்டுக்கும் கம்மியா இருந்தா சரியான கிரேடு ஆயில ஊத்திட்டு அப்புறம் கேளுங்க, ஆயில் பத்தாததுக்கே டப்பெட் (வால்வ தள்ளித் தெறக்கற பாகம்) சத்தம் போடும்.

அப்புறம் ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணி பக்கத்துலயே நில்லுங்க. பேஸ்மென்ட்ல வேணாம், எல்லா சத்தமும் எதிரொலிச்சு ஒண்ணும் புரியாது. சூடாகறதுக்குள்ள சத்தம் கொறஞ்சுட்டா ரெண்டு சந்தேகம்: ஒண்ணு பிஸ்டன் தேஞ்சு ஆடறது, அது டொப் டொப்னு மந்தமா இருக்கும், இன்னொண்ணு மேனிஃபோல்டு லீக், இரும்பு சூடாகி விரிஞ்சதும் இடுக்கு அடைஞ்சு சத்தம் நின்னுடும். லீக்கான்னு பாக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போதே வீட்டுல யாரையாவது தடியான துணிய சைலன்ஸர் வாய்ல ரெண்டு மூணு செகண்ட் அழுத்தச் சொல்லுங்க, லீக் இருந்தா அந்த எடத்துல புஸ்னு சத்தம் கூடும். என் வண்டில டார்ச் அடிச்சு பாத்தப்ப மூணாவது சிலிண்டர் கிட்ட கேஸ்கெட் ஓரமா விளக்குப் புகை படிஞ்ச மாதிரி ஒரு கரிக்கோடு, அதுக்கு நேர் மேல ஒரு நட்டையே காணோம்! அந்த மெக்கானிக் குனிஞ்சிருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்கும், அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

சூடானப்புறமும் மேல வால்வ் கவர் பக்கம் லேசா டிக் டிக்னா டப்பெட் கேப் (இடைவெளி) கூடியிருக்கும். இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு வால்வ் ஒரு தடவதான் தெறக்கும், அதனால இன்ஜின் சுத்தற வேகத்துல பாதி வேகத்துலதான் அந்த சத்தம் கேக்கும். மாருதி 800 மாதிரி வண்டில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) வெச்சு செட் பண்ணிடலாம், இதுக்கெல்லாம் இன்ஜின் இறக்கத் தேவையே இல்ல.

கீச்சுனு கத்தினா பெல்ட். ஓடற பெல்ட் மேல ரெண்டு சொட்டு தண்ணி தெளிங்க, சத்தம் மாறினா அதேதான். கிளட்ச் மிதிச்சா மட்டும் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங், மிதிச்சா நின்னுபோனா கியர்பாக்ஸ் பேரிங். ஏசி போட்டு ஆஃப் பண்ணியும் சத்தம் மாறுதான்னு பாத்துடுங்க.

எங்கேர்ந்து வருதுன்னு தெரியலன்னா நீளமான ஸ்க்ரூட்ரைவர் முனைய ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், வால்வ் கவர்னு ஒவ்வொண்ணா வெச்சு பிடிய காதோரம் வெச்சு கேளுங்க, பேரிங் போயிருந்தா கரகரன்னு தனியா தெரியும். துப்பட்டா, தொங்கற ஐடி கார்டு எல்லாம் கழட்டி வெச்சுடுங்க, கைய ஃபேன் கிட்ட கொண்டு போகாதீங்க, எலக்ட்ரிக் ஃபேன் எப்ப வேணா தானா சுத்தும்.

நந்தி ஹில்ஸ் ஏத்தத்துல பெரிய கியர்ல மிதிக்கும்போது மட்டும் கலகலன்னா அது பிங்கிங் (பெட்ரோல் நேரந்தவறி எரியறது), கியர கொறச்சா நிக்கும், இக்னிஷன் டைமிங்க ஒருதடவ செக் பண்ணிடுங்க.

நிஜமா பயப்பட வேண்டியது ஒண்ணுதான். அடில, ஆயில் சம்ப் (ஆயில் தேங்கற தொட்டி) பக்கத்துலேர்ந்து டங்கு டங்குன்னு கனமா, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க கூடற சத்தம், பிஸ்டன கிராங்க் ஷாஃப்டோட சேக்கற கனெக்டிங் ராடோட பேரிங் தேஞ்சிருக்கும். ஆயில் லைட்டும் சேந்து எரிஞ்சா ஓசூர் ரோட்டுல நடு டிராஃபிக்கா இருந்தாலும் ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. ஒர்க்ஷாப் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு கூட ஓட்டாதீங்க, டோ பண்ணி கொண்டு போங்க, பேரிங்கோட போக வேண்டியது கிராங்க்கையும் சேத்து தின்னுடும்.