பி.எஸ்.ஏ. கூடியிருக்கிறதா? முதலில் சிறுநீரைப் பாருங்கள்

போன ஜூலையில் முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. பி.எஸ்.ஏ. 11.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது. எனக்கு வயது 64. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தின் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் மனதில் உயிலே எழுதிவிட்டேன். நவராத்திரி முடிந்து மறுபடி எடுத்தபோது 2.9. நடுவில் நடந்ததை மாட்டுங்காவில் நண்பர்கள் மூன்று பேருக்குச் சொல்லியாயிற்று. உங்களுக்கும் உதவட்டும்.

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம். புற்றுநோய் வந்தாலும் ரத்தத்தில் கூடும், கிருமி தொற்றிச் சுரப்பி அழன்று வீங்கினாலும் கூடும். எண்ணை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. எனக்கு ஜூலை பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீர்க்கடுப்பு. உஷ்ணம் என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். லேபில் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே நீர்க்கடுப்போ காய்ச்சலோ இருக்கும்போது பி.எஸ்.ஏ. எடுக்காதீர்கள். டெஸ்டுக்கு முந்தைய 2 நாள் சைக்கிளும் தாம்பத்தியமும் வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுபவர் கட்டாயம் சொல்ல வேண்டும். அது எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது சிறுநீர் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் டெஸ்ட். ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். சிறுநீரைப் பிடிப்பதில்தான் நான் சொதப்பினேன். டப்பி மூடியைக் குழாய் மேடையில் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து, ‘பல கிருமிகள் கலந்திருக்கின்றன, மறுபடி கொடுங்கள்’ என்று வந்தது. லேப் பையன் அப்புறம்தான் விளக்கினான்: “அங்கிள், பெஹ்லே தோடா ஜானே தோ, பீச் கா பக்டோ.” முதலில் கொஞ்சம் போகவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். மூடியின் உள்பக்கம் எதிலும் படக்கூடாது. பிடித்ததும் உடனே லேபுக்குக் கொண்டுபோங்கள். கொட்டும் மழையில் டப்பியை மஞ்சப்பையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், பிரசாதம் மாதிரி.

இரண்டாவது முறை ஈ.கோலை என்று தெரிந்தது. குடலில் இருக்கும் கிருமிதான். இந்தத் தொற்றில் பெரும்பாலும் அகப்படுவதும் அதுவே. எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். டாக்டர் 4 வாரம் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே கடுப்பு போய்விட்டது, நிறுத்திவிடலாம் என்று கை அரித்தது. நிறுத்தாதீர்கள், புராஸ்டேட்டுக்குள் மருந்து சுலபத்தில் இறங்காது.

முடிந்ததும் உடனே பி.எஸ்.ஏ. எடுக்க ஓடாதீர்கள். எண் இறங்க 6 முதல் 8 வாரம் பிடிக்கும். இந்தக் காத்திருப்புதான் கொடுமை. நான் தினத்தாள் காலண்டரைக் கிழிப்பதையே வேலையாக வைத்திருந்தேன்.

அப்போதும் இறங்கவில்லையா? இன்னொரு கோர்ஸ் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி (துளி திசுவை எடுத்துச் சோதிப்பது) என்று போய்விட வேண்டியதுதான். அழற்சியும் எம்.ஆர்.ஐ.யில் புற்றுநோய் போலவே தோன்றக்கூடும், அதனால் தொற்று வந்ததை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லுங்கள். பயாப்ஸியை ஆசனவாய் வழியாகவா, விரைப்பைக்குப் பின்னுள்ள தோல் வழியாகவா எடுக்கப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். தோல் வழியில் தொற்று அபாயம் குறைவு.

கிருமியே புற்றுநோயைக் கொண்டுவருமா என்று ஒருவர் கேட்டார். இரைப்பைப் புற்றுநோயில் ஹெலிகோபாக்டர் கிருமியின் பங்கு உறுதியானது. புராஸ்டேட்டில் அப்படி நிரூபணமாகவில்லை. நீண்ட நாள் அழற்சி செல்களைக் கெடுத்து வழி திறக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். முகப்பருவோடு தொடர்புள்ள ஒரு பாக்டீரியாவைக்கூட புராஸ்டேட் திசுவில் கண்டிருக்கிறார்கள். அதற்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். மற்றபடி, 2.9 வந்ததால் புற்றுநோயே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த டெஸ்ட் பொங்கல் கழித்து. இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போட்டு, ரேஷன் கார்டுக்கு மேலேயே வைத்திருக்கிறாள் மனைவி.