கணக்கில் எழுதாமலே நாமாக நினைத்துக்கொண்ட வரியைப் பிடிப்பது எப்படி?

படிக்கும் காலத்தில் தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடித்தேன். 9.8 வர வேண்டிய இடத்தில் 9.6 வந்தது. 20 தடவை எடுத்துச் சராசரி போட்டேன், அப்போதும் 9.6தான். நூலைக் கொக்கி வரைக்கும் அளந்து 100 செ.மீ. என்று எழுதியிருந்தேன், குண்டின் மையமோ அதற்கும் 2 செ.மீ. கீழே. ‘நீளம் என்றால் நூலின் நீளம்’ என்று நானாக நினைத்துக்கொண்டது நோட்டில் எங்கேயும் இல்லை. இல்லாத வரியைச் சராசரி எப்படித் திருத்தும்?

அதற்கப்புறம் ஒரு பழக்கம். கணக்கில் ஒவ்வொரு வரிக்கும் கீழே இடம் விடுங்கள். ‘இது சரியென்றால் வேறு எதெல்லாம் சரியாக இருக்க வேண்டும்?’ என்று கேட்டு அங்கே எழுதுங்கள். அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள், மாட்டுவது பெரும்பாலும் அதில்தான்.

இயற்பியலாளர் கெல்வின் பூமியின் வயதுக்குப் போட்ட கணக்கில் செய்து பார்ப்போம். உருகிய பூமி ஆறிக்கொண்டே வருகிறது. ஆழம் போகப்போக வெப்பம் எவ்வளவு கூடுகிறது என்பது தெரியும். ஆக, வயது 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார் 1862ல். கணிதத்தில் பிழை இல்லை. இடைவெளியில் எழுத வேண்டியவை இரண்டு: உள்ளே பொருள் நகராமல் வெப்பம் கடத்தல் மூலமாக மட்டுமே நகர்கிறது, உள்ளே புதிதாக வெப்பம் பிறப்பதில்லை.

இனி ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். லேசாக ஆடினால் விட்டுவிடலாம். கெல்வினிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895ல் முதல் வரியைப் புரட்டினார். உட்பகுதி பாகு மாதிரி மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்தால்? வயது பல மடங்கு தாவிவிட்டது. (இன்றைய மதிப்பு சுமார் 454 கோடி.) இந்தக் கதையில் எல்லோரும் கதிரியக்கத்தைத்தான் (யுரேனியம் போன்றவை சிதைந்து பூமிக்குள் வெப்பம் தருவதை) சொல்வார்கள், கணக்கைக் கவிழ்த்ததில் பெரிய பங்கு பெர்ரி புரட்டிய வரிக்கு.

இரண்டாவது வரியைப் புரட்ட 1862ல் யாருக்கும் காரணம் இல்லை. யுரேனியக் கதிர்களை பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கெரல் கவனித்ததே 1896ல். இந்த வழிமுறை அங்கே நின்றுவிடும். இருப்பதே தெரியாததை எப்படிச் சந்தேகிப்பது? நான் கடைசியில் ‘நமக்குத் தெரியாத மூலம் எதுவும் இல்லையென்றால்’ என்று ஒரு வரி சேர்ப்பேன். கற்றது கெல்வினிடம்தான். அதே 1862ல் சூரியனின் வயதைப் பற்றி எழுதியபோது இப்படியொரு வரி போட்டிருந்தார். அப்புறம் எல்லையை இறுக்கிக்கொண்டே போய், பூமிக்கு 2 கோடியிலிருந்து 4 கோடிதான் என்றார். அது 1897, பெக்கெரலுக்கு மறு வருடம்.