குழந்தை தூங்கியும் எனக்குத் தூக்கம் வராதபோது

பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையும் சோர்வும் பெரும்பாலும் 2 வாரத்தில் அடங்கிவிடும், எனக்கு அதைத் தாண்டியும் விடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, இரவில் கணவர் எழுந்து பார்த்துக்கொள்வது, போனை வேறு அறையில் வைப்பது என எதுவும் உதவவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: குழந்தை அசந்து தூங்கி, பக்கத்தில் ஆளும் இருந்தும் எனக்குக் கண் மூடவில்லை. வெறும் களைப்பு அப்படி இருக்காது.

அப்புறம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க உதவும் எடின்பரோ கேள்வித்தாளை நிரப்பினேன். 10 கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றி மட்டும். நேரில் கேட்டால் 'பரவாயில்லை' என்றே வாயில் வரும், தாளில் அப்படி நழுவ முடியாது. மருத்துவரிடம் அதையே நீட்டினேன். தைராய்டும் பார்த்தார் (அது தடுமாறினாலும் இதே மாதிரி இருக்கும்), சரியாக இருந்தது. மனதில் இருப்பதைப் பேசித் தீர்க்கும் மனநல சிகிச்சை தொடங்கியதும் தூக்கம்தான் முதலில் திரும்பியது.

10ஆவது கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 'ஒருபோதும் இல்லை' தவிர எதைக் குறித்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.